பொறுக்கி

பொறுக்கி என்றால் தமிழில் வசவு. புறம்போக்கு என்றாலும் வசவு. புறம்போக்கில் பொறுக்கிப் பிழைத்த சனங்கள் நாங்கள். அதனால் இரண்டு வசவுமே எங்களைப் பார்த்துச் செய்தது போலத்தான் இருக்கும். இப்போது நாட்டு மர விதைகளைத் தேடிக்கொண்டு, அழிந்த காட்டைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று வருகிறவர்கள் இந்தச் சொற்களை மாற்றிவிட்டார்கள். பொறுக்குவதற்கு விதை சேகரிப்பு என்று பெயர். புறம்போக்குக்குச் சீர்கெட்ட நிலம் என்று பெயர். பொறுக்குகிற பொம்பளைகளுக்குக் கூட்டாளிகள் என்று பெயர். முதல் இரண்டு பெயர் மாற்றத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. மூன்றாவதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

எங்கள் காலனி திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் போகிற பக்கம் இருக்கிறது. இந்தக் கடலோரம் நெடுக ஒரு காலத்தில் குட்டை மரங்கள் நெருங்கி நின்ற, கோடையிலும் மொட்டையாகாத காடு இருந்தது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று படித்தவர்கள் அதற்கு நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வீரை, பாலை, காயா, காட்டு எலுமிச்சை, களா எல்லாம் அந்தக் காட்டுச் செடிகள். வெட்டியும் உழுதும் எரித்தும் தீர்த்தது போக இன்றைக்கு மிச்சம் இருப்பது கோயில் காடுகளில்தான். புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டை ஆராய்ச்சிக்காரர்கள் எத்தனையோ தடவை அளந்து எழுதியிருக்கிறார்கள். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு பொட்டலாகக் கிடந்தது. இன்று மரமாக நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் சுற்றுவட்டாரத்தில் மற்றவர்களுக்கும் இந்த எண்ணம் வந்தது.

காடு வேண்டுமென்றால் விதை வேண்டும். தேக்கும் சவுக்கும் தைல மரமும் எந்த நர்சரியிலும் கிடைக்கும். வீரைக்கும் பாலைக்கும் யாரும் கடை வைத்திருக்கவில்லை. மரம் எங்கே நிற்கிறது, எந்த மாதம் பழுக்கிறது, எந்த மரத்துக் கொட்டை சொத்தை என்று தெரிந்த ஆளைப் பிடித்தாக வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் காலனிக்காரியாக இருப்பாள், இல்லையென்றால் இருளர் வீட்டுக்காரராக இருப்பார். நிலம் இருக்கிறவனுக்குத் தன் நிலத்து மரம் தெரிந்தால் போதும். நிலம் இல்லாதவனுக்கு ஊரிலுள்ள எல்லா மரமும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அறிவு பசியில் வந்த அறிவு. அதைப் பாரம்பரிய அறிவு என்று யாராவது பட்டுத்துணியில் சுற்றித் தரும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

எங்க ஆயாவுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. ஆனால் மாசி, பங்குனியில் பூந்திக்கொட்டை, சித்திரை முடிய புங்கங்காய், வைகாசியில் பாலைப்பழம், ஆனியில் நாவலும் இலுப்பையும் வேப்பங்கொட்டையும் என்று வருசத்தைக் கொட்டையாலேயே எண்ணும். நெல் அறுப்பு இல்லாத மாதங்களில் அடுப்பு எரிந்தது இதனால்தான். வேப்பங்கொட்டை எப்படிச் சேர்ப்பார்கள் என்று படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். காக்கையும் மைனாவும் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பும். விடியுமுன் விளக்குமாறு எடுத்துக்கொண்டு போய் மரத்தடியைக் கூட்டி, மண்ணைப் புடைத்து, கொட்டையை நிழலில் உலர்த்தி, வியாபாரி படி போட்டு அளப்பான். குவித்து அளக்கிற படி அது. தலையைத் தட்டாமல் குவிப்பான். கேட்டால் அடுத்த தெருவில் வாங்கிக்கொள்வேன் என்பான்.

வேம்பைப் பற்றி ஒரு உலகச் சண்டையே நடந்தது. வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க விவசாயத் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனிக்கும் 1994இல் ஐரோப்பாவில் காப்புரிமை கொடுத்தார்கள். வழக்குப் போட்டு 2000 மே மாதம் அதை ரத்து செய்ய வைத்தார்கள். மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று. நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ‘வேம்பு இந்தியாவின் அறிவு’ என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பத்து வருசமும் எங்கள் தெருவில் குவித்துத்தான் அளந்தார்கள். இந்தியாவுக்கு அறிவு கிடைத்தது. பொறுக்கினவளுக்கு ஒரு படிக்கு ஒரு கைப்பிடி நட்டம்.

எங்கள் ஊருக்கு விதை கேட்டு ஒரு தொண்டு நிறுவனம் வந்தது 2018இல். அதன் பெயர் இங்கே தேவையில்லை, இதே கதை பல பெயர்களில் நடக்கிறது. 2013ஆம் வருசத்துக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகக் காரியங்களுக்குச் செலவழிக்க வேண்டும் என்கிறது. அப்படி ஒரு கம்பெனியின் பணம், நிறுவனத்தின் ஆட்கள், ஊராட்சியின் நிலம். மூன்று பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாலாவதாக ‘உள்ளூர் கம்யூனிட்டி பார்ட்னர்’ என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்து இல்லை, பெயரும் இல்லை. பிளஸ் டூ படித்தவன் என்று விதைக் கணக்கு எழுத என்னை வைத்துக்கொண்டார்கள். அந்தக் காகிதத்தை வாசித்துக் காட்டியபோது எங்க அத்தை கேட்டது: “கம்யூனிட்டி சர்டிபிகேட் கேக்கறாங்களாடா?” எல்லோரும் சிரித்தோம். யோசித்துப் பார்த்தால் அத்தை சொன்னது சரிதான். அந்த வார்த்தைக்கு எங்கள் வாழ்க்கையில் இருக்கிற ஒரே அர்த்தம் சாதிச் சான்றிதழ்தான்.

வேலை எங்களுக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பதினெட்டு பொம்பளைகள், அதில் மூன்று பேர் இருளர் குடும்பத்துப் பெண்கள். ஒரே மரத்தில் எடுக்காதே, தள்ளித் தள்ளி நிற்கிற இருபது முப்பது தாய்மரத்தில் எடு, அப்போதுதான் கன்றுகள் ஒரே ரத்தமாகப் போகாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பழுத்துக் கிடப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்றார்கள். இங்கிலாந்தில் கியூ தோட்டத்தார் 2000இல் திறந்த பெரிய விதை வங்கி கடைப்பிடிக்கிற விதியாம் அது. அத்தை, “மிச்சம் வெக்கலன்னா குருவி எதத் தின்னும், அடுத்த வருசம் நாம எதப் பொறுக்கறது” என்றது. நாங்கள் சொன்னதையும் அவர்கள் எழுதிக்கொண்டார்கள். கருவேலங்காயையும் வெள்வேலங்காயையும் அடித்து விதை எடுக்க வேண்டியதில்லை. ஆட்டுக்குத் தின்னக் கொடுத்தால் ராத்திரி அசைபோடும்போது விதையைத் துப்பிவிடும். காலையில் பட்டியைக் கூட்டினால் போதும். அந்த விதைதான் சீக்கிரம் முளைக்கும், மேல்தோல் இளகிப்போயிருக்கும். கொன்றைக்கும் வாகைக்கும் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும். இலுப்பைக்கும் நாவலுக்கும் இது ஒன்றுமே கூடாது. அவை ஈரத்தோடு உயிர் வைத்திருக்கிற விதைகள். காய்ந்தால் செத்துப்போகும். பத்துப் பதினைந்து நாளுக்குள் மண்ணுக்குப் போயாக வேண்டும். இந்தப் பத்துப் பதினைந்து நாள் கணக்கைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று போட்டார்கள். இலுப்பைக் கொட்டை ஐந்நூறுக்குள் ஒரு கிலோ வந்துவிடும், ஒரு மரத்தடியில் உட்கார்ந்தே சேர்த்துவிடலாம். உசிலை விதை ஒரு கிலோ என்றால் ஆயிரக்கணக்கில். முள்ளுக்குள் நுழைந்து, காய் வெடிக்கிறதுக்குள் பறித்து, உலர்த்தி, அடித்து, புடைத்து, சொத்தை பார்த்து ஒதுக்கினால் மூன்று நாள் போகும். வீரைக்கு மரமே அபூர்வம். ஒரு நாள் முழுக்க நடந்து வெறுங்கூடையோடு திரும்பி வருவதும் உண்டு. அந்த நடைக்குத் தராசில் எடை இல்லை. வியாபாரி குவித்து அளந்தான், இவர்கள் எலக்ட்ரானிக் தராசில் அளந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

கோயில் காட்டு விசயம் இன்னொன்று. நல்ல வீரையும் பாலையும் ஊர்த்தெருவின் ஐயனார் காட்டுக்குள்ளே நிற்கின்றன. உள்ளே காலனிப் பொம்பளைகள் போகக்கூடாது. யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். நிறுவனத்துப் பையன் நல்லவன், நகரத்தில் படித்தவன். “அக்கா, சென்டிமென்ட் விசயம், அங்க மட்டும் ஊர்க்காரங்க எடுத்துத் தரட்டும்” என்றான். சாதிக்கு இவர்கள் வைத்திருக்கிற புதுப்பெயர் சென்டிமென்ட். ஊர்க்காரர்கள் எடுத்துக் கொடுத்த பழத்தில் பாதி செங்காய். மரத்தை உலுக்கி மூட்டை கட்டிவிட்டார்கள். எங்கள் பெண்கள் காட்டுக்கு வெளியே போனார்கள். வவ்வால் தொங்குகிற புளியமரம், கொண்டைக்குருவி வந்து அடைகிற முள்வேலி, பனையடி எல்லாம் தேடினார்கள். உள்ளே தின்றதைப் பறவைகள் வெளியே கொண்டுவந்து போட்டிருந்தன. சதை போய்ச் சுத்தமாகக் கிடந்தது கொட்டை. அந்த வருசம் நாற்றங்காலில் நன்றாக முளைத்தவை இந்தக் கொட்டைகள்தான். பதிவேட்டில் ‘சேகரித்த இடம்’ என்ற கட்டத்தில் நான் ‘கோயில் காட்டுக்கு வெளியே’ என்று எழுதினேன். அறிக்கையில் அது ‘கோயில் காடு, ஊர் மக்கள் ஒத்துழைப்புடன்’ என்று அச்சாகி வந்தது.

நடப்போகிற இடம் காலனிக்கு வடக்கே பதினாலு ஏக்கர் புறம்போக்கு. ஆயா அதை டி.சி. நிலம் என்றுதான் சொல்லும். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையை ஒட்டி, மறு வருசம் வெள்ளைக்காரச் சர்க்கார் பறையருக்கும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் ஒதுக்கத் தொடங்கிய நிலம் அது. மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்கிற அந்தப் பஞ்சமி நிலம் யார் யார் கைக்குப் போனதென்று இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1994 அக்டோபரில் காரணை நிலப் போராட்டத்தை ஒட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்ததும் தெரியும். எங்கள் பதினாலு ஏக்கருக்கு ஆயாவின் வாய்தான் சாட்சி, காகிதம் இல்லை. காகிதம் இல்லாதவன் வேலியைப் பார்த்துப் பயப்படுவது இயற்கை.

அங்கே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ‘அந்நிய மரம், அழிக்க வேண்டும்’ என்றார்கள். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாடே அந்த மரத்தை வெட்டக் கிளம்பியது. நிலத்தைக் கெடுக்கிறது, வேறு செடியை விடுவதில்லை என்பதெல்லாம் உண்மை. நாட்டு மரம் வர வேண்டுமென்றால் அதை எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கள் அடுப்பு முப்பது நாற்பது வருசமாக அதில்தான் எரிந்தது. நல்ல மரமெல்லாம் பட்டா நிலத்திலும் கோயிலிலும் நின்றபோது எங்களுக்கென்று முளைத்தது அது ஒன்றுதான். வெட்டியதைக் கரிக்காரனுக்கு ஏலம் விட்டார்கள். கேஸ் சிலிண்டர் இருக்கிறதே என்று கேட்டார் ஒரு அதிகாரி. சிலிண்டர் இருக்கிறது, நிரப்பக் காசு எங்கே என்று அவரை யார் கேட்பது? அப்புறம் இந்த ‘மண்ணுக்குரியது’, ‘அந்நியம்’, ‘விதைத் தூய்மை’ என்ற பேச்சு. செடிக்கு அது சரியாகவே இருக்கட்டும். தூய்மை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் முதுகு கொஞ்சம் விறைக்கும். மரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்தாலும் விறைக்கும்.

2019 வைகாசியில் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி இழுத்தார்கள். வேலி எங்கள் சுடுகாட்டுப் பாதைக்குக் குறுக்கே போனது. பாதை வருவாய் வரைபடத்தில் இல்லையாம். எத்தனை தலைமுறைப் பிணம் போன பாதை! “மாத்து வழி ஊர்த்தெரு பக்கமா இருக்கே” என்றார் ஊராட்சியில். அந்த வழியாகப் பாடை போனால் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆனி பிறந்தது. ஏரிக்கரையில் இலுப்பை கொட்டத் தொடங்கிற்று. பொம்பளைகள் வழக்கம்போல விடிகாலையில் போனார்கள், பொறுக்கினார்கள், பழத்தைப் பிதுக்கிக் கொட்டையை எடுத்தார்கள். ஆனால் நர்சரிக்குக் கொண்டுபோகவில்லை. எங்கள் தெரு மாரியம்மன் கோயில் திண்ணையில் ஈரச்சாக்குப் போட்டுக் குவித்துவிட்டார்கள். நடவு நேரத்தில் கூலி கேட்டுக் கரையேறி நின்ற தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். நாற்று முற்றினால் மிராசுதார் கெஞ்சுவான். இலுப்பைக்கும் அதே கணக்குதான் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பைகளில் மண் நிரப்பி வைத்திருந்தார்கள், கம்பெனிக்காரர்கள் வந்து போட்டோ எடுக்கத் தேதி குறித்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள் அந்தப் பையன் வந்தான். “அக்கா, நாம பார்ட்னர்ஸ் இல்லையா? இப்படிப் பண்ணலாமா?” அத்தை எழுந்திருக்கவில்லை. “பாட்னர்னா பாதி, தம்பி. எங்க பாதி எதுன்னு காட்டு” என்றது. பிறகு நான் எழுத, அவர்கள் சொன்னார்கள். கிலோ வேண்டாம், நாள் கூலி வேண்டும், வெறுங்கையோடு வந்த நாளுக்கும். சுடுகாட்டுக்குப் பன்னிரண்டு அடிப் பாதை விட வேண்டும். மரம் வளர்ந்த பிறகு விழுகிற விறகும் விதையும் பழமும் யாருக்கு என்று இப்போதே எழுத்தில் வேண்டும். விதைப்பை அட்டையில் மரத்தின் பெயருக்குக் கீழே எடுத்தவள் பெயர் வேண்டும். கடைசியாகச் சொன்னதை இருளர் வீட்டுப் பெண் ஒருத்திதான் சேர்க்கச் சொன்னது. “செத்தா கூட எங்க பேரு எங்கியும் இருக்காதுடா, அட்டயிலயாவது எழுது.”

இதற்கிடையில் கொட்டை திண்ணையில் சூடேற ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் சிலவற்றில் பூஞ்சணம். அதைப் பார்த்துப் பொம்பளைகள் பட்ட பாடு சொல்லி முடியாது. அவர்களுக்கு அது விலை பேசுகிற சரக்கு மட்டுமில்லை. பத்தாம் நாள், ஆளுக்கு ஒரு கடப்பாரை, களைக்கொட்டு எடுத்துக்கொண்டு, வேலிக்கு வெளியே நின்ற சுடுகாட்டுப் பாதையின் இரண்டு பக்கமும் குழி போட்டுப் புதைத்துவிட்டார்கள். ஆடியில் நாலு மழை பெய்தது. முளைத்தது. அதைப் பிடுங்கிப் போட யாருக்கும் துணிச்சல் வரவில்லை, அதுவும் நாட்டு மரம்தானே.

நாள் கூலி கிடைத்தது. பாதைக்கு வேலியைப் பெயர்த்து நட்டார்கள். அட்டையில் பெயர் ஒரு பருவம் எழுதினார்கள், அப்புறம் அச்சடித்த ஸ்டிக்கர் வந்ததும் நின்றுபோயிற்று. விறகு, விதை, பழம் பற்றிக் கேட்டதற்கு ‘உள்ளூர் மக்கள் பயன்பாட்டுக்கு’ என்று ஊராட்சித் தீர்மானத்தில் ஒரு வரி போட்டுக்கொடுத்தார்கள். உள்ளூர் மக்கள் என்றால் யார்? அந்தக் கேள்விக்குப் பதில் 2024இல் வந்தது. வேலிக்குள் நின்ற புங்கன் காய்த்தது. ஊராட்சி காயை ஏலம் விட்டது. ஊர்த்தெருக்காரர் எடுத்தார். கீழே விழுந்த காயை எடுக்கப் போன இரண்டு பெண்களை ஏலக்காரரின் ஆள் விரட்டினான். என்ன சொல்லி விரட்டினான் என்பது இந்தக் கட்டுரையின் தலைப்பு. அந்தப் புங்கனுக்கு விதை எடுத்தவர்கள் அவர்கள் இருவரும்தான். பதிவேட்டில் என் கையெழுத்தில் தேதியோடு இருக்கிறது.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 2002ஆம் வருசத்து உயிரியல் பன்மயச் சட்டம், உயிர்வளத்தையும் அறிவையும் கொடுத்தவர்களோடு பலனைப் பங்கிட வேண்டும் என்கிறது. ஊராட்சிக்கு ஒரு மேலாண்மைக் குழுவும் மக்கள் பன்மயப் பதிவேடும் இருக்க வேண்டும். எங்கள் ஊராட்சிப் பதிவேட்டை நான் பார்த்தேன். அறிவு உள்ளவர்கள் என்று நான்கு ஆண்கள் பெயர், நாலும் ஊர்த்தெரு. 2022 செப்டம்பரில் மாநில அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, நிலப்பரப்பில் 33 சதவீதத்தை மரத்தால் மூட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதற்கு எத்தனை விதை வேண்டும், எத்தனை புறம்போக்கு வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஊரிலும் ஒரு காலனி இருக்கிறது.

புறம்போக்கில் நிற்கிற மரத்தின் பலனை அனுபவிக்க வருவாய்த்துறை கொடுக்கிற 2சி பட்டா என்று ஒன்று உண்டு. மரப்பட்டா என்பார்கள். நிலம் சர்க்காருடையது, காய் பட்டாக்காரருடையது. சுடுகாட்டுப் பாதையில் நாங்கள் நட்டதில் 61 இலுப்பை தங்கியிருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது. அதற்குப் பதினெட்டுப் பெயரில் மரப்பட்டா கேட்டு 2025 சனவரியில் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தோம். ரசீது அத்தையிடம் இருக்கிறது. தனித்தனி ஆளாகப் போடுங்கள், மரத்துக்கு நம்பர் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். சுண்ணாம்பில் நம்பர் போட்டுக்கொண்டு திரும்பப் போனோம். இலுப்பை காய்க்கப் பத்து வருசமாவது ஆகும். அது முதல் கொட்டை போடுவதற்குள் கையெழுத்து வாங்கியாக வேண்டும் என்று வாரம் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் போய்க்கொண்டிருக்கிறோம்.